கல்லூரி மாணவர்களும் குடியும்: நண்பர்கள் வட்டத்தின் தாக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிக்காதவர்கள், எப்போதாவது குடிப்பவர்கள், குடிக்கும் நண்பனை நினைத்துக் கவலைப்படுபவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. ஆனால் "நண்பன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்" என்ற கேள்விக்கான பதிலை மட்டும் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் குடித்தேன். இதில் நண்பர்களின் தாக்கம் எங்கிருந்து வந்தது?

வாயைத் திறந்து ஊற்றிவிடும் நண்பர்கள் அபூர்வம். தாக்கம் மூன்று வழிகளில் வருகிறது. முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: "ஒரே ஒரு பெக்டா", "சும்மா கம்பெனி குடு" என்ற அழைப்பு, கேட்காமலே கையில் திணிக்கப்படும் கிளாஸ். இரண்டாவது, பக்கத்தில் இருப்பவரின் வேகம். வேகமாகக் குடிப்பவர் அருகில் உட்கார்ந்தால் நம் கையும் அடிக்கடி கிளாஸுக்குப் போகும். அவர் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் இது நடக்கும். 1970-களிலிருந்தே ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது.

மூன்றாவது வழியை யாரும் கவனிப்பதில்லை. "இந்த வயசுல எல்லாரும் குடிக்கிறாங்க, நான்தான் பின்தங்கியிருக்கேன்" என்று நம் மனதுக்குள் நாமே போட்டு வைத்திருக்கும் கணக்கு அது. யாரும் அழைக்காமலே நம்மைக் கிளாஸ் எடுக்க வைப்பது இந்தக் கணக்குதான். அது பெரும்பாலும் தப்புக் கணக்கு.

எல்லாரும் குடிக்கிறார்கள் என்பது உண்மை இல்லையா?

தங்கள் கல்லூரியில் மற்றவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டால், மாணவர்கள் உண்மையைவிட அதிகமாகவே சொல்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்கின்ஸும் பெர்கோவிட்ஸும் 1986-இல் இதை எழுதினார்கள். அதற்குப் பின் பல நாடுகளில் இதே போக்கு காணப்பட்டது. 1993-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போனது. வளாகத்தின் குடிப்பழக்கம் தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று தனியாகக் கேட்டபோது சொன்னவர்கள், "மற்றவர்களுக்கு என்னளவு சங்கடம் இல்லை" என்றும் நம்பினார்கள். ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் ஆறு பேரில் நான்கு பேர் "போதும்டா சாமி" என்று உள்ளுக்குள் நினைத்தபடி அடுத்த ரவுண்டுக்குத் தலையாட்டுவது இப்படித்தான்.

கணக்கு ஏன் தப்புகிறது என்றால், குடி கண்ணில் படும், குடிக்காமை படாது. சனிக்கிழமை இரவு அறையில் படம் பார்த்துத் தூங்கியவரைப் பற்றி திங்கட்கிழமை யாரும் கதை சொல்வதில்லை. வாந்தி எடுத்தவனின் கதையோ வாரம் முழுக்க ஓடும், அவன் படம் ஸ்டேட்டஸிலும் வரும்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் வகுப்பில் நன்றாகத் தெரிந்த 15 பேரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த ஒரு மாதத்தில் குடித்ததை நீங்கள் நேரில் பார்த்தவர்களுக்கு மட்டும் டிக் போடுங்கள். "அவன் கண்டிப்பா குடிப்பான்" என்ற ஊகத்துக்கு டிக் கிடையாது. இப்படி எழுதிப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் மனதில் இருந்த எண்ணிக்கை குறைந்துவிடும். எண்ணிக்கை நிஜமாகவே அதிகமாக இருந்தால், அது உங்கள் கல்லூரியின் நிலவரம் அல்ல, உங்கள் வட்டத்தின் நிலவரம். வட்டத்தைப் பெரிதாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

குடிக்கும் நண்பர்களால் ஒருவன் குடிக்கிறானா, குடிக்க விரும்புபவன் அப்படிப்பட்ட நண்பர்களைத் தேடிப் போகிறானா?

இரண்டும் நடக்கிறது. அதனால்தான் "சேர்க்கை கெடுத்துவிட்டது" என்று சொல்லும் பெற்றோரும், "அவன் ஏற்கெனவே அப்படித்தான்" என்று சொல்லும் நண்பர்களும் பாதி சரி, பாதி தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, விடுதி அறைகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும் இடங்களைப் பார்ப்பது. அங்கே யாரும் அறைத்தோழரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கிரெமர், லெவி என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டே குடித்துக்கொண்டிருந்த அறைத்தோழர் வாய்த்த ஆண் மாணவர்களின் மதிப்பெண் சராசரி, குடிக்காத அறைத்தோழர் வாய்த்தவர்களைவிட, நான்குக்குக் கணக்கிடும் அளவுகோலில் கால் புள்ளி குறைவாக இருந்தது. தாமே முன்பு அடிக்கடி குடித்தவர்களுக்குச் சரிவு இன்னும் அதிகம். இரண்டாம் ஆண்டிலும் அது சரியாகவில்லை. பெண்களிடம் இப்படிச் சரிவு தெரியவில்லை.

அறை மாற்றிக் கேட்பதை இதனால்தான் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம் என்கிறோம். குறிப்பாக, ஏற்கெனவே கொஞ்சம் குடித்துப் பழகி, குறைக்க நினைப்பவர்களுக்கு.

தனியாக இருக்கும்போது தெளிவாக முடிவெடுக்கிறேன், கூட்டத்தில் ஏன் மாறிவிடுகிறேன்?

இது மன உறுதிக் குறைவு மட்டுமல்ல. உளவியலாளர்கள் கார்டனரும் ஸ்டைன்பர்கும் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 13–16, 18–22, 24-உம் அதற்கு மேலும் என மூன்று வயதுக் குழுக்களை ஒரு கணினி கார் விளையாட்டை ஆட வைத்தார்கள். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் தம் வயதுக்காரர்கள் சூழ்ந்து நிற்க ஆடினார்கள். கூட்டம் இருந்தபோது முதல் இரண்டு குழுக்களும் எடுத்த துணிச்சல் கூடியது, பெரியவர்களிடம் அந்தளவு மாற்றம் இல்லை. விளைவை நிறுத்தி யோசிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. பாராட்டுக்கும் கைத்தட்டலுக்கும் துள்ளும் பகுதிகளோ அதற்கு முன்பே முழு வேகத்தில் இயங்குகின்றன.

ஆகவே முடிவை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எடுக்காதீர்கள். அறையை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள்.

நட்பும் கெடாமல், கேலிக்கும் ஆளாகாமல் எப்படி மறுப்பது?

பெரும்பாலானவர்கள் சறுக்குவது காரணம் சொல்லும் இடத்தில். "நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்றால் "டெஸ்ட் பத்து மணிக்குத்தானே" என்று பதில் வரும். "வயிறு சரியில்ல" என்றால் "இதுதான் வயித்துக்கு மருந்து" என்பார்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு காரணமும் அவர்களுக்கு உடைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு. காரணமே சொல்லாத மறுப்பை உடைக்க வழியில்லை. இப்படி:

"ஒன்னு அடிடா மச்சான்."
"வேணாம்டா, நான் குடிக்கறதில்ல."
"ஏன்டா, இன்னைக்கு ஒரு நாள்தானே?"
"வேணாம்டா. நீ அந்தப் பாட்டைப் போடு."
"அட, எனக்காக."
"உனக்காகத்தான்டா வந்தேன். இது வேணாம்."

ஒரே வார்த்தையை ஒரே குரலில் சொல்லி, உடனே பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கோபப்படவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம். இரண்டுமே பேச்சை நீட்டும். "இன்னைக்கு வேணாம்" என்று சொன்னால் நாளைக்கு மறுபடி கேட்பார்கள். நிரந்தர முடிவு என்றால் "குடிக்கறதில்ல" என்றே சொல்லுங்கள். பெரும்பாலான வட்டங்களில் இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு கேட்பதையே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் "சரி, கொஞ்சமா" என்று வளைந்து கொடுப்பவரைத்தான் ஓயாமல் கேட்பார்கள்.

வெறுங்கையோடு நிற்காதீர்கள். போனதும் ஒரு கிளாஸில் தண்ணீரோ சோடாவோ நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். கை நிறைந்திருந்தால் பாதிக் கேள்வி வராது. பாட்டிலையும் கிளாஸையும் மேசையில் விட்டுவிட்டு எழுந்து போக வேண்டாம். திரும்பி வரும்போது அதில் என்ன கலந்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

சீனியர் வற்புறுத்தினால் விஷயமே வேறு. மறுத்தால் பின்விளைவு வரும் என்ற பயத்தில் குடிக்க வைப்பது ராகிங். அங்கே பேச்சுத் திறமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இடத்தை விட்டு வெளியேறி, நம்பகமான ஆசிரியரிடமோ புகார்க் குழுவிடமோ சொல்லுங்கள். சாட்சியாக யாரெல்லாம் இருந்தார்கள், மணி என்ன என்பதை அன்றிரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நண்பன் என் பக்கம் இருந்தால் போதுமா?

நம்ப முடியாத அளவுக்கு உதவும். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்கு, முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட கூட்டம் ஒருமித்துத் தவறான பதில் சொன்னது. கண்ணெதிரே விடை தெரிந்தும், சோதனைக்கு வந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது இந்த வளைதல் வெகுவாகக் குறைந்தது.

எனவே விருந்துக்குப் போகும் முன் ஒருவரிடம் மட்டும் பேசி வையுங்கள்: "நான் இன்னைக்குக் குடிக்கப் போறதில்ல, நீயும் அப்படித்தானே? பதினொன்னு மணிக்குக் கிளம்பிடலாம்." நீங்கள் குடிக்காதவர் என்றால், அறையில் தயங்கி நிற்கும் இன்னொருவருக்கு நீங்களே அந்த ஆள். உரக்கச் சொன்ன ஒரு "வேணாம்டா" பக்கத்தில் இருப்பவருக்கும் வழி திறக்கும்.

குடிப்பது என்று முடிவு செய்தவர் அளவை எப்படிக் கணக்கிடுவது?

பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு, ஆபத்தைக் குறைக்க நினைப்பவருக்கான கணக்கு இது.

பாட்டில் எண்ணிக்கையை விடுங்கள், தூய ஆல்கஹாலைக் கணக்கிடுங்கள். மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் கிராம் வரும். 10 கிராமை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளலாம். 5 சதவீத பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்று ஏறக்குறைய 26 கிராம், அதாவது இரண்டரை அலகு. அதே பாட்டில் 8 சதவீத 'ஸ்ட்ராங்' என்றால் 41 கிராம், நான்கு அலகு. "ஒரே ஒரு பீர்தான்" என்பவர் குடித்தது ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசத்தில் எதுவாகவும் இருக்கலாம். 40 சதவீத விஸ்கி, ரம், வோட்கா 60 மி.லி. என்றால் சுமார் 19 கிராம், கிட்டத்தட்ட இரண்டு அலகு.

கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஓர் அலகைத்தான் வெளியேற்றும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் எதைச் செய்தாலும் வேகம் கூடாது. இரவு 9 மணியிலிருந்து 12 மணிக்குள் பத்து அலகு குடித்தவரின் உடலிலிருந்து அது முழுதும் போகக் காலை 7 மணி ஆகலாம். தூங்கி எழுந்ததும் பைக்கை எடுப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு கூடுதலாக ஏறும், ஏனெனில் பெண் உடலில் நீரின் பங்கு குறைவு. பையன்களோடு ரவுண்டுக்கு ரவுண்டு சமமாகப் போவது அவருக்குக் கூடுதல் ஆபத்து.

ரவுண்டு கட்டிக் குடிப்பதில் என்ன பிரச்சினை?

மேசையில் யார் மிக வேகமாகக் குடிக்கிறாரோ அவருடைய வேகமே எல்லோருடைய வேகமாகிவிடும். அவர் கிளாஸ் காலியானதும் அடுத்த ரவுண்டு வரும். உங்கள் கிளாஸில் பாதி இருக்கும்போதே மேலே ஊற்றினால் எண்ணிக்கையும் தப்பிவிடும். யாராவது ஒருவர் பணம் கொடுத்தால், அடுத்த ரவுண்டு தன் செலவு என்ற கடன் உணர்வு வேறு. ரவுண்டில் சேராமல் உங்களுடையதை நீங்களே வாங்குங்கள், நீங்களே அளந்து ஊற்றுங்கள், காலியான பிறகே நிரப்புங்கள்.

போட்டி வைத்து ஒரே மூச்சில் குடிப்பது இதைவிட மோசம். குடித்தது ரத்தத்தில் ஏற நேரமாகும் என்பதால் "இன்னும் ஒண்ணும் ஆகல" என்று அடுத்ததை இறக்குவார்கள். அரை மணி, முக்கால் மணி கழித்து எல்லாம் ஒன்றாக ஏறும். அப்போது ஜெயித்தவன் தரையில் கிடப்பான்.

எனர்ஜி ட்ரிங்க் கலந்து குடித்தால் போதை குறையுமா?

குறையாது. காஃபீன் தூக்கக் கலக்கத்தை மறைக்கும், அவ்வளவுதான். தெளிவாக இருக்கிறோம் என்ற நினைப்பில் இன்னும் குடிப்பார்கள்.

நேற்று இரவு நடந்தது எதுவும் நினைவில்லை. தூங்கிவிட்டேனா?

இல்லை. ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது, மூளையில் புது நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதி வேலையை நிறுத்துகிறது. பேசியிருப்பீர்கள், நடந்திருப்பீர்கள், பணம் கொடுத்திருப்பீர்கள், சண்டையும் போட்டிருக்கலாம். எதுவும் பதியவில்லை என்பதால் பிறகு யோசித்தாலும் வராது. வெறும் வயிறும் வேகமும்தான் முக்கியக் காரணங்கள். நண்பர்கள் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள், ஆனால் இது ஒருமுறை நடந்தாலே எச்சரிக்கை. அன்று விபத்து, பாலியல் அத்துமீறல், பணம் பறிபோவது எல்லாவற்றுக்கும் வாய்ப்பு திறந்திருந்தது. நினைவு தப்பியிருக்கும் ஒருவர் "சரி" என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது என்பதை அவருடன் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நண்பன் மட்டையாகிவிட்டான், எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். தூங்கட்டும் என்று விடலாமா?

விடக் கூடாது. இப்படி "தூங்கட்டும்" என்று விடப்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், ஆகவே அவர் நிலை இன்னும் மோசமாகலாம். அதிகப் போதையில் மூச்சை இயக்கும் மையம் மந்தமாகும். தொண்டைக்குள் போவதை இருமித் தள்ளும் இயல்பும் போய்விடும். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி அடைக்கும்.

முதலில் தோளைத் தட்டி, பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாரித்தாலோ, உடல் சில்லிட்டிருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பவே முடியாவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். எல்லா அறிகுறியும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஒன்று போதும்.

வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, உங்கள் பக்கம் இருக்கும் கையைச் செங்கோணத்தில் விரித்து வையுங்கள். மறுபக்கக் கையை இழுத்து, புறங்கை அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மறுபக்க முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்தால் உடல் உருண்டு வரும். தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். ஒருவர் கூடவே இருக்க வேண்டும், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மல்லாத்திப் போட்டு மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். எப்படி என்று தொலைபேசியில் பேசுபவர் சொல்லித் தருவார்.

காப்பி கொடுக்க வேண்டாம், தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிடித்து நடக்க வைக்க வேண்டாம், விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம். என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வேறு மாத்திரை ஏதும் போட்டாரா என்பதை மருத்துவக் குழுவிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

"வார்டனுக்குத் தெரிஞ்சுடும்" என்ற பயத்தில்தான் பலர் தாமதிக்கிறார்கள். உதவிக்கு அழைத்தவர் மீதும் மயங்கியவர் மீதும் குடித்ததற்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்ற விதி பல அமெரிக்கக் கல்லூரிகளில் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் இல்லை என்றாலும் அழையுங்கள். இடைநீக்கம் முடிந்தால் திரும்பி வரலாம்.

எங்கோ வாங்கிய மலிவுச் சரக்கு, மறுநாள் கண் மங்கலாகத் தெரிகிறது. ஹேங்ஓவரா?

ஹேங்ஓவரில் பார்வை மங்காது. கலப்பட மதுவில் மெத்தனால் இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பார்வை மங்கல், வயிற்று வலி, மூச்சு வாங்குவது வரலாம். இதற்கு மாற்று மருந்து உண்டு, மருத்துவமனையில்தான் கிடைக்கும். நேரம் கடந்தால் பார்வை திரும்பாமலே போகலாம். அதே சரக்கைக் குடித்த மற்றவர்களையும் நலமாகத் தெரிந்தாலும் அழைத்துப் போங்கள்.

நான் எல்லை தாண்டிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியலிலிருந்து முதல் மூன்றை மட்டும் மருத்துவர்கள் பயன்படுத்துவது உண்டு. எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள்: இல்லவே இல்லை 0, மாதம் ஒருமுறையோ குறைவோ 1, மாதம் 2–4 முறை 2, வாரம் 2–3 முறை 3, வாரம் 4 முறையோ அதற்கு மேலோ 4. குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை அலகு: 1–2 என்றால் 0, 3–4 என்றால் 1, 5–6 என்றால் 2, 7–9 என்றால் 3, 10-ஓ அதற்கு மேலோ என்றால் 4. ஒரே தடவையில் ஆறு அலகோ அதற்கு மேலோ எவ்வளவு அடிக்கடி: இல்லை 0, மாதம் ஒன்றுக்கும் குறைவு 1, மாதாமாதம் 2, வாராவாரம் 3, அனேகமாகத் தினமும் 4. கூட்டிப் பாருங்கள். ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தாலே மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசிப் பார்ப்பது நல்லது. விடுதியில் "சாதாரணம்" என்று கருதப்படும் பலர் இந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். பக்கத்து அறைக்காரரோடு ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது.

தினமும் குடிக்கும் ஒருவன் இன்றோடு நிறுத்துகிறேன் என்கிறான். பாராட்டலாமா?

பாராட்டுங்கள், கூடவே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீண்ட நாளாகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பமும் இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். இது உயிருக்கு ஆபத்து, ஆனால் மருந்தால் சமாளிக்கக்கூடியது. வார இறுதியில் மட்டும் குடிப்பவருக்கு இந்தப் பயம் பொதுவாகத் தேவையில்லை.

நண்பனிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது?

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், மறுநாள் நான்கு பேர் முன்னாலும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து, தனியாக, நடந்துகொண்டே பேசுங்கள். "நீ குடிகாரன் ஆயிட்ட" என்ற தீர்ப்போடு தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியும். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: "இந்த மாசத்துல மூணு தடவை காலைல லேப்புக்கு வரல. போன வாரம் படிக்கட்டுல விழுந்த. எனக்குப் பயமா இருக்குடா." பிறகு அவர் பேசட்டும். "குறைக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன்" என்று அவர் வாயிலிருந்து வந்தால், "எப்படிக் குறைக்கலாம்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். ஆலோசகரிடம் போகச் சொல்வதோடு நிறுத்தாமல், நேரம் வாங்கிக் கூடவே போய் வெளியே காத்திருங்கள். அவருக்காக வருகைப் பதிவு போடுவது, வீட்டுக்குப் பொய் சொல்வது, கடன் கொடுப்பது மட்டும் வேண்டாம். அவை அவருடைய குடியைத்தான் தாங்கிப் பிடிக்கும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கல்லூரியில் சேர்வதற்கு முன்பே பேசுங்கள். முதலாண்டின் முதல் சில வாரங்கள்தான் மிக வழுக்கலான காலம். புது இடம், யாரையும் தெரியாது, எப்படியாவது ஒரு வட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்ற தவிப்பு. "வீட்டுல அளவா குடிச்சா பரவாயில்ல" என்று தளர்த்திவிடுவது கட்டுப்பாட்டைக் கற்றுத்தரும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் பெற்றோர் தாராளமாக அனுமதிப்பதாக நினைக்கும் பிள்ளைகள் கல்லூரியில் அதிகம் குடிப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள்: "எந்த நேரமா இருந்தாலும், எந்த நிலைமைல இருந்தாலும் போன் பண்ணு. கூட்டிட்டுப் போக ஆள் வரும், அன்னைக்கு ராத்திரி திட்டமாட்டோம்." சொன்னபடி நடந்துகொண்டால்தான் இரண்டாவது முறையும் அழைப்பு வரும்.